அண்டர்கிரவுண்ட் கார்ட்டூனிஸ்ட்னா தமிழ்ல யாரு?

நண்பர் ஒருத்தர் ஒரு அமெரிக்க ஓவியரோட வாழ்க்கைக் குறிப்ப தமிழ்ல எழுதிட்டு ஒரு தடவ பாத்துக் குடுங்கன்னு அனுப்பியிருந்தாரு. மூணாவது வரியிலயே "இவர் பல்லாண்டுகள் நிலத்தடிக் கேலிச்சித்திரக்காரர்களோடு பழகி, சமூகக் கலைக் கண்காட்சிகளில் பங்கேற்றார்"னு இருந்துச்சு. எனக்கு போர்வெல்தான் ஞாபகம் வந்துச்சு. நிலத்தடின்னு ஆரம்பிச்சா தமிழ்ல அடுத்து நீர்தான் வரும், வேற எதுவும் ஒட்டாது. அப்ப பாதாளம்னு போடட்டுமான்னு கேட்டாரு, பாதாளத்துக்கு அப்புறம் வர்றது ஒண்ணு சாக்கடை, இல்லன்னா தாதா கும்பல். பாவம் அந்த ஓவியர்.

அண்டர்கிரவுண்ட், கார்ட்டூனிஸ்ட், கம்யூனிட்டி ஆர்ட் ஷோ, ஒரே வரியில மூணு சொல் சறுக்கியிருக்கு. மொதல்ல கார்ட்டூன். இது இத்தாலிய மொழியில கெட்டியான பெரிய காகிதத்துக்கு உள்ள பேர்ல இருந்து வந்தது, சிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சுவத்துல ஓவியம் தீட்டறதுக்கு முன்னாடி அதே அளவுல காகிதத்துல வரைஞ்சுக்குவாங்க, கோட்டு மேலயே ஊசியால ஓட்ட ஓட்டயா குத்தி, சுவத்துல வெச்சு கரித்தூள் தட்டுனா புள்ளி புள்ளியா படம் இறங்கிடும், அந்த காகிதப் படத்துக்குதான் கார்ட்டூன்னு பேரு. திரைச்சீலை நெய்யறதுக்கும் இதே மாதிரி வரைவாங்க. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ராஃபேல்ங்கற இத்தாலிய ஓவியரோட கார்ட்டூன் ஏழு இருக்கு, எல்லாம் பைபிள் காட்சி, அங்க போயி ஜோக் தேடுனா ஏமாந்துருவீங்க.

அப்ப கேலி எங்க இருந்து ஒட்டுச்சு? ஒரு ஆர்ட் ஷோவுல இருந்துதான்! 1834ல லண்டன் பார்லிமென்ட் கட்டடம் எரிஞ்சு போச்சு, புதுசா கட்டுன கட்டடத்து சுவருக்கு ஓவியம் வேணும்னு போட்டி வெச்சாங்க, வந்த கார்ட்டூன்களை 1843ல வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்ல கண்காட்சியா மாட்டுனாங்க. பஞ்ச்ங்கற லண்டன் நையாண்டிப் பத்திரிகைக்காரங்களுக்கு இது எரிச்சல், ஏழைங்க ரொட்டி கேட்டா அரசாங்கம் கண்காட்சி காட்டுதேன்னு, ஜான் லீச்சுன்னு ஓவியர் ஒரு படம் போட்டாரு. கிழிஞ்ச துணியும் ஊன்றுகோலுமா ஏழைங்க ஹாலுக்குள்ள நின்னு சுவத்துல மாட்டியிருக்கற பணக்காரங்க படத்த அண்ணாந்து பாக்கறாங்க. அந்தப் படத்துக்கு கிண்டலா 'கார்ட்டூன் நம்பர் 1'னு பேரு வெச்சாங்க. அதோட சொல்லோட தலையெழுத்தே மாறிடுச்சு.

தமிழ்ல கேலிச்சித்திரம், கருத்துப்படம் ரெண்டும் நல்லா புழங்குது. பாரதியோட 'இந்தியா' பத்திரிகையிலயே இந்த வகைப் படம் வந்தாச்சு. ஆனா பிரச்சனை என்னன்னா, ரெண்டுமே லீச் போட்ட மாதிரி அரசியல் படத்துக்குதான் பொருந்தும். அமெரிக்காவுல கார்ட்டூனிஸ்ட்னா கட்டம் கட்டமா கதை வரையறவரும் அதுல சேத்திதான். ஜஸ்டின் கிரீன் 1972ல வரைஞ்ச புத்தகம் ஒண்ணு இருக்கு, சின்ன வயசுல மதபயத்தால தன் மனசு பட்ட பாட்ட வரைஞ்சிருப்பாரு, கிறுக்குத்தனமா சிரிப்பு வரும்தான், ஆனா அவர கேலிச்சித்திரக்காரர்னு சொல்ல எனக்கு மனசு வரல. படக்கதைக்காரர்னு சொன்னா போதும். வரைகதைன்னும் ஒரு சொல் இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு, என் வாய்க்கு படக்கதைதான் வருது.

இப்ப முக்கியமான ஆளு, அண்டர்கிரவுண்ட். ரெண்டாம் உலகப்போர்ல நாஜிகளுக்குத் தெரியாம அடிச்சு வித்த பத்திரிகைகளுக்கு இந்தப் பேர் இருந்துச்சு, அதுக்கு தலைமறைவுன்னு தமிழ் சொன்னா சரி. 1960கள்ல அமெரிக்க ஹிப்பி பத்திரிகைகள் அதே பேர எடுத்து வெச்சுக்கிச்சு, அதுல படம் போட்டவங்களுக்கும் அது ஒட்டிக்கிச்சு. இவங்க யாரும் தலைமறைவா இல்ல, புத்தகத்துலயே பேரு போட்டு விலாசமும் போட்டாங்க.

அப்புறம் ஏன் அந்தப் பேரு? 1954ல அமெரிக்காவுல காமிக்ஸ் பசங்கள கெடுக்குதுன்னு பெரிய கூச்சல், செனட்ல விசாரணையே நடந்துச்சு. பதிப்பாளருங்க பயந்துபோய் தாங்களே ஒரு காமிக்ஸ் கோட் எழுதிக்கிட்டாங்க. எல்லாக் கதையிலயும் நல்லவந்தான் ஜெயிக்கணும், தலைப்புல திகில்னு சொல்லு வரக்கூடாது, இப்படி. அட்டையில தபால்தலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அது இல்லாத புத்தகத்த விநியோகஸ்தர் பெரும்பாலும் கையிலயே எடுக்க மாட்டாரு. ஆக முத்திரையும் வேணாம் விநியோகஸ்தரும் வேணாம்னு போனவங்கதான் அண்டர்கிரவுண்ட், இவ்வளவுதான் விஷயம், ஒளிஞ்சுக்கிட்டது இல்ல.

1968ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ராபர்ட் கிரம்ப்னு ஒரு படக்கதைக்காரர் 'ஸாப்'ங்கற காமிக்ஸோட முதல் இதழ் போட்டாரு. சார்லஸ் ப்ளைமெல்னு ஒரு கவிஞர் சின்ன ஆஃப்செட் மெஷின்ல அடிச்சுக் குடுத்தாரு, அட்டையில வயசுவந்த அறிவுஜீவிகளுக்கு மட்டும்னு நக்கலா ஒரு எச்சரிக்கை வேற. ஹெய்ட் தெருவுல குழந்தைய உக்கார வெச்சு தள்ற வண்டியில புத்தகத்த அடுக்கி கிரம்பும் அவர் மனைவியும் வித்தாங்க. இத படிச்சப்ப எனக்கு 'எழுத்து' பத்திரிகை நடத்துன சி.சு. செல்லப்பாதான் கண்ணுல வந்தாரு, புத்தக மூட்டைய தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா போனவரு. அட, நம்மகிட்ட சொல் ஏற்கெனவே இருக்கே! சிறுபத்திரிகை. பெரிய பத்திரிகை போடாதத, கொஞ்சம் பிரதி அடிச்சு, கைக்குக் கை வித்து, பணம் வராட்டியும் நம்ம இஷ்டத்துக்கு எழுதறது. சிறுபத்திரிகைப் படக்கதைக்காரர்னு சொன்னா தமிழ் வாசகருக்கு அந்த ஆளோட சட்டைப் பையில எவ்வளவு இருக்கும்னு வரைக்கும் புரிஞ்சிடும்.

ஆங்கிலத்துல இவங்க காமிக்ஸ்ங்கற சொல்லோட கடைசியில ரெண்டு எழுத்த எடுத்துட்டு எக்ஸ் எழுத்தப் போட்டு எழுதுவாங்க, கடைக்கார காமிக்ஸ் வேற நாங்க வேறன்னு காட்டறதுக்கு, கூடவே பெரியவங்க சமாச்சாரம்னு ஒரு கண்ணடிப்பும். தமிழ்ல ரெண்டையும் எழுதிப் பாருங்க, காமிக்ஸ், காமிக்ஸ். வித்தியாசம் அப்படியே ஆவியாயிடும், அதனால முன்னாடி ஒரு அடைமொழி போட்டே ஆகணும். சும்மா காமிக்ஸ்னு விட்டா பொருள் போயிடும்.

மூணாவது, கண்காட்சி. 1969ல பெர்க்லியில ஒரு கேலரிக்காரர் ஸாப் ஆட்களோட ஒரிஜினல் படங்கள கண்காட்சி வெச்சவரு, ஆபாசம்னு சொல்லி அவர கைது பண்ணாங்க, பீட்டர் செல்ஸ்னு கலை வட்டாரத்துல பெரிய ஆள் வந்து இது கலைதான்னு சாட்சி சொன்னப்புறம் கேஸ் தள்ளுபடி. நியூயார்க்ல ஸாப்போட நாலாவது இதழ வித்த புத்தகக்கடை ஆட்களுக்கு தண்டனையே கிடைச்சுது. சுவத்துல மாட்டுனா கலை, கடையில வெச்சா குத்தம், என்ன கணக்கோ.

ஆனா நண்பர் எழுதுன ஆள் இந்தப் பெரிய கேலரி வட்டாரம் இல்ல. லைப்ரரி வராண்டா, காபிக்கடை சுவரு, கம்யூனிட்டி ஹால், அங்க நாலு பேர் சேந்து மாட்டறது, வித்த படத்துக்குப் பக்கத்துல சின்ன சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர். இந்த மாதிரி ஷோவுல கிட்டப் போய் பாத்தாதான் தெரியும், அச்சுல வந்தத விட பக்கம் பெருசா இருக்கும், தப்பா போன இடத்துல வெள்ளை மை தடிப்பா நிக்கும், ஒரு மூஞ்சிய மட்டும் வேற காகிதத்துல வரைஞ்சு ஒட்டியிருப்பாங்க, அடியில அச்சுக்குப் படம் எடுக்கற கேமராவுக்குத் தெரியாத வெளிர்நீல பென்சில் கோடு ஓடும். புத்தகம் ஒளிச்சு வெச்சதெல்லாம் சுவத்துல மாட்டிக்கும்.

இத சமூகக் கண்காட்சின்னு எழுதுனா, எங்க சமூகத்துக்காரங்க வெச்சதுன்னு ஜாதிக்கணக்குல படிக்க நம்மாளுங்க ரெடியா இருக்காங்க. பொருட்காட்சின்னா ராட்டினம் வந்துரும். ஊர்க் கலைக்காட்சி போதும்.

கடைசியா நண்பர் திருத்தி அனுப்புன வரி: "இவர் பல வருஷம் சிறுபத்திரிகைப் படக்கதைக்காரர்களோடு பழகி, சமூகக் கலைக்காட்சிகளில் படம் வைத்தார்." சமூகத்த மட்டும் விட மாட்டேங்கறாரு மனுஷன்.