முப்பத்தைந்தில் ஒரு பங்கு டாங்கி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி களமிறக்கிய டைகர் டாங்கியின் எடை ஏறக்குறைய 57 டன். அதை நீளம், அகலம், உயரம் என எல்லாப் பக்கமும் 35 மடங்கு சுருக்கி, அதே எஃகில் செய்தால் எவ்வளவு எடை இருக்கும்? 57 டன்னை 35-ஆல் வகுத்தால் கணக்கு தப்பு. மூன்று பக்கமும் சுருங்குவதால் 35 × 35 × 35, அதாவது 42,875-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1.3 கிலோ சொச்சம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்டோ, கடைசித் துண்டுவரை ஒட்டி முடித்தாலும் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

மாடல் கட்டுகிறவர்களின் தலைவலி முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது. வடிவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். புவியீர்ப்பு, திரவத்தின் பரப்பு இழுவிசை, மணல் துகள், வெளிச்சம் எதுவும் நமக்காகச் சுருங்கித் தராது. ஒட்டுவது தொடங்கி சேறு பூசுவது வரை எல்லாமே இவற்றை ஏமாற்றுவது, அல்லது இவற்றிடம் வேலை வாங்குவது.

அது ஏன் 35 என்ற விநோத எண்? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பாந்தர் டாங்கிக்கு மோட்டாரில் ஓடும் கிட் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்கார வேண்டும் என்பதை வைத்தே உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அது சுமார் 35-இல் ஒரு பங்காக இருந்தது. பேட்டரி போட்ட அளவு உலக வழக்கமாகிவிட்டது.

கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் ஊசிகளால் தள்ளி வெளியே எடுக்கிறார்கள். துண்டுகளின் மறுபக்கத்தில் தெரியும் வட்டத் தழும்புகள் அந்த ஊசிகள் வைத்தவை. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பீரங்கிக் குழல்மேல் அந்தக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால், மேலே என்ன வண்ணம் அடித்தாலும் அது பொம்மைதான்.

இந்த வேலைக்கான பசை, பசையே இல்லை என்று சொல்லலாம். அது ஒரு கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட், லிமோனீன் போன்றவை. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் ஒரு முனையில் பசைத் தூரிகையின் நுனியைத் தொட்டால் போதும். திரவம் தானாக இடுக்கு நெடுக ஓடிப்போய் மறுமுனையில் எட்டிப் பார்க்கும். அங்கே பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறு இழைகள் இளகி, இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கம் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. இலேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் முத்து முத்தாகப் பிதுங்கும். கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். இரும்பில் வெல்டிங் வைத்தது போல. பிதுங்கியதை மறுநாள் கத்தியால் சுரண்டிவிட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. பித்தளைத் தகட்டுத் துண்டுகளில் இந்த வித்தை பலிக்காது. கரைய அங்கே பிளாஸ்டிக் இல்லையே. அதற்குச் சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் வேண்டும். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தின் துணையோடு அது தானே பலபடியாக (பாலிமராக) இறுகிப் பிடிக்கிறது.

அடுத்தது சங்கிலிப் பட்டை. நிஜ டைகரில் அதன் மேற்பகுதி சக்கரங்களின்மேல் தொய்ந்து படுத்திருக்கும். முன்னால் உள்ள பல்சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே நன்றாகத் தொங்கும். எஃகுக் கண்ணிகளின் பாரம் அது. கிட்டில் வரும் வளையும் பட்டையைச் சுற்றிப் பாருங்கள், விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரே பொருளால் ஆன சட்டத்தை 35 மடங்கு சுருக்கினால், தன் எடையால் அது தொய்கிற விகிதமும் 35 மடங்கு குறைந்துபோகிறது. எறும்பின் கால் வளையாமல் நிற்பதற்கும் இதுதான் காரணம். எனவே தொய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். பட்டையைச் சக்கரத்தோடு ஒட்டி, காயும்வரை மேலே பஞ்சை அடைத்து அழுத்தி வைப்பது பழைய வழி. தனித்தனி உலோகக் கண்ணிகளை ஊசி கோத்துச் சேர்த்தால் அந்தப் பாடு இல்லை. இலகுவாக அசையும் சங்கிலி எந்த அளவில் இருந்தாலும் ஒரே வளைவில்தான் தொங்கும்; பாரம் இருந்தால் மூட்டுகளின் உராய்வை அது வென்றுவிடும். உலோகக் கண்ணிகளுக்கு நான் செலவழித்த மாலைப் பொழுதுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் தொய்வுக்கு ஈடு கிடையாது.

வண்ணத்துக்கு வருவோம். வண்டியின்மேல் வண்ணப் பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது 0.003 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் மெல்லியதாக அடித்தாலே 0.02 வந்துவிடும். நிஜ டாங்கியில் 0.7 மில்லிமீட்டருக்கு வண்ணத்தை அப்பியதற்குச் சமம் அது. தூரிகையால் அப்பினால் ரிவெட் தலைகளும் வெல்டிங் தழும்புகளும் மூழ்கிப்போவதில் வியப்பில்லை.

வண்ணம் பெயர்ந்த இடங்களிலும் இதே கணக்கு. அரை மில்லிமீட்டர் புள்ளி ஒன்றைத் தூரிகை நுனியால் வைத்தால், நிஜத்தில் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் காயம். உடல் முழுக்க நூறு புள்ளி வைத்தவரின் டாங்கி அம்மை கண்டது போல நிற்கும். இங்கே ஹேர் ஸ்பிரே கைகொடுக்கிறது. அடியில் துரு நிறமோ ப்ரைமர் எனும் அடிப்பூச்சின் நிறமோ அடித்து, அதன்மேல் ஹேர் ஸ்பிரே, அதற்கும் மேலே அக்ரிலிக் வண்ணம். ஹேர் ஸ்பிரேயில் முடியை நிறுத்திவைக்கும் பலபடி, நீரில் இளகக்கூடியது. வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஈரத் தூரிகையால் ஓரங்களைத் தட்டுங்கள். மெல்லிய அக்ரிலிக் படலத்தின் நுண்துளைகள் வழியே நீர் இறங்கி அடியில் இருப்பதை இளக்கும்; மேல் வண்ணம் பிடிமானம் இழந்து செதில் செதிலாகக் கழலும். அதன் ஓரம் எந்தக் கையாலும் வரைய முடியாத ஒழுங்கின்மையோடு இருக்கும். ஒரு நிமிடம் கூடுதலாகத் தட்டினால் பெரிய பாளமாகப் பெயர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துருவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பழையது என்றால் ஆரஞ்சு நிறம் என்று எல்லா இடத்திலும் பூசிவிடுகிறார்கள். போரில் பல டாங்கிகள் சில மாதங்களே உயிரோடு இருந்தன. கனமான கவசத் தகட்டில் வண்ணம் உரசினால் முதலில் தெரிவது ப்ரைமர். ஜெர்மன் வண்டிகளில் அது செங்காவி நிறம், அதைத் துரு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. புகைபோக்கியின் கதை வேறு. சூட்டில் வண்ணம் எரிந்துபோன இரும்பு அது. சீக்கிரமே முழுக்கத் துருவேறும். சங்கிலிப் பட்டையில் ஒரே இரவில் துரு பூக்கும், மறுநாள் ஓட்டினால் தரையில் படும் பக்கம் தேய்ந்து பளபளக்கும். அங்கே பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும். எம்113 போன்ற கவச ஊர்தியில் செந்துரு வழிய விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் உடல் அலுமினியம். அதில் செந்துரு பிடிக்காது.

வேடிக்கை என்னவென்றால், துருவுக்காக நாம் தூவும் நிறமித்தூளும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். மஞ்சள் காவியின் நிறம் நீரேறிய இரும்பு ஆக்சைடால் வருவது. அதைச் சுட்டால் நீர் வெளியேறிச் சிவப்பாகும். ஓவியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. துருவின் வேடத்தில் இங்கே துருவே நடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வாஷ். அடர்பழுப்பு எனாமல் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட் எனும் பெட்ரோலியக் கரைப்பானில் நீர்க்கக் கரைத்து, டாங்கியின் மேல்மூடி ஒன்றின் விளிம்பில் தூரிகையைத் தொடுகிறோம். கண் முன்னாலேயே அந்தத் துளி விளிம்பைச் சுற்றி ஓடி வட்டத்தை முடிக்கும். தண்ணீர் இப்படி ஓடாமல் முத்தாக நின்றுவிடும். காரணம், தண்ணீரின் பரப்பு இழுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஒயிட் ஸ்பிரிட்டுக்கு. பரப்பை நனைத்துப் படரும் திரவம் குறுகிய இடுக்கைத் தேடி ஓடுகிறது. இடுக்கு சிறியதாக ஆக இழுப்பு வலுக்கிறது. நம்மைப் பாடாய்ப் படுத்திய அளவுச் சுருக்கம் இந்த ஓரிடத்தில் நம் பக்கம் சேர்ந்துகொள்கிறது. வாஷுக்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் அடிப்பதும் இதனால்தான். சொரசொரப்பான, பளபளப்பற்ற மேட் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் இடுக்குகள் இருக்கின்றன. திரவம் அத்தனையிலும் நுழைந்து சுற்றுவட்டாரத்தையே கறையாக்கிவிடும்.

தப்பிச் சமதளத்தில் விழுந்த துளி, காய்ந்ததும் கறுத்த விளிம்போடு ஒரு வளையமாக நிற்கும். மேசையில் சிந்திய காபி விடுகிற அதே வளையம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் இதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஆவியாதல் அங்கேதான் அதிகம். இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது நிறமியையும் வாரிக்கொண்டு போகிறது. சுத்தமான ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் விளிம்பைத் தடவி மங்கவைத்தால் தீர்ந்தது. செங்குத்தான பக்கங்களில் மேலிருந்து கீழாக மட்டும் தடவினால், கறை மழைநீர் வழிந்த தாரையாகிவிடும்.

இந்த வாஷ்தான் என் முதல் ஷெர்மனை, அந்த அமெரிக்க டாங்கியின் மாடலை, முடமாக்கியது. அடிப்பாகம் நன்றாக அழுக்காக இருக்கட்டும் என்று சக்கரங்களின்மேல் தாராளமாக ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூன்று சக்கரங்கள் தனியே கிடந்தன. அச்சுகள் மொட்டையாக ஒடிந்திருந்தன. வண்ணத்தில் குறை இல்லை, கீழே விழவும் இல்லை. சரியாகப் பொருந்தாத அச்சுகளை நான் முன்பு துளைக்குள் பலவந்தமாகத் திணித்திருந்தேன். பிளாஸ்டிக் அந்த அழுத்தத்தை உள்ளே சுமந்துகொண்டு சும்மா இருந்தது. ஒயிட் ஸ்பிரிட் பாலிஸ்டைரீனைச் சட்டென்று கரைக்காது. ஆனால் இழுபட்டு நிற்கும் இடங்களில் மூலக்கூறு இழைகளுக்கிடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்தும். நுண்விரிசல் தொடங்கி இரவோடு இரவாகப் பரவும். அதிலிருந்து துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி இலகுவாகப் பொருத்துகிறேன். வாஷையும் குளமாகத் தேங்கவிடுவதில்லை.

சேற்றுக்கு நிஜ மண்ணையே பயன்படுத்தினால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு தடவை தோன்றும். அரை மில்லிமீட்டர் மணல் துகள், மாடலில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கல். டாங்கி சேற்றில் வந்தது போல இருக்காது, ஜல்லி கொட்டிய இடத்தில் புரண்டு வந்தது போல இருக்கும். அதனால்தான் மாவுபோல் அரைத்த நிறமித்தூள். அதைப் பிளாஸ்டர் மாவோடு குழைத்து, பழைய தூரிகையில் எடுத்து, ஏர்பிரஷ் காற்றால் சக்கரங்களுக்குப் பின்புறம் தெறிக்கவிட வேண்டும். தூசி மேலிருந்து படியும், சேறு கீழிருந்து தெறிக்கும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

ஈரச் சேறு ஏன் கறுத்துத் தெரிகிறது? காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று; ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறிச் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறது. காற்றின் இடத்தில் நீர் புகுந்தால், நீரின் ஒளிவிலகல் எண் மண்ணின் எண்ணுக்கு நெருக்கமானது என்பதால் சிதறல் குறைகிறது. ஒளி உள்ளே ஆழமாகப் போய், மாட்டிக்கொண்டு, உறிஞ்சப்படுகிறது. நிஜ நீர் காய்ந்துவிடும். துளியும் மாடலில் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். பளபளப்பு வார்னிஷ் அதே வேலையை நிரந்தரமாகச் செய்கிறது. துகள்களின் இடுக்கை நிரப்பி, மேலே ஈரத்தின் மினுக்கையும் தருகிறது.

எல்லாம் செய்தபின்னும் ஒரு கேள்வி நிற்கும். தொழிற்சாலையில் அடித்த அதே பச்சையை அடித்தும் மாடல் ஏன் கறுப்பாகத் தோன்றுகிறது? தொலைவில் உள்ள பொருளைக் காற்று வெளிறவைக்கும், ஆகவே மாடலின் வண்ணத்தையும் வெளிறவைக்க வேண்டும் என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடலை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது நிஜ டாங்கியைப் பத்தரை மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். பத்தரை மீட்டர் காற்று எதையும் வெளிறவைப்பதில்லை. வித்தியாசம் விளக்கில் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் உச்சி வெயில் சுமார் 1,00,000; வீட்டு அறையில் சில நூறு. வெளிச்சம் குறைந்தால் நிறங்கள் சோபை இழக்கும். நிற அறிவியலில் இதற்கு ஹன்ட் விளைவு என்று பெயர். போதாததற்கு, வானத்தில் அரை பாகை அகலமே உள்ள சூரியன் கத்திமுனை போன்ற நிழலைத் தருகிறது. அறை விளக்கும் சுவர்களும் நாலா பக்கமும் ஒளியைப் பரப்பி நிழலைக் கரைத்துவிடுகின்றன. ஆகவே வண்ணத்தை ஒரு படி வெளிறலாகக் கலப்பது, மூடியைச் சுற்றி வாஷால் இருட்டு வைப்பது, மேல் விளிம்புகளில் வெளிர் நிறம் தேய்ப்பது எல்லாம் இல்லாத சூரியனை வரைவதுதான்.

இதை ஒருமுறை தற்செயலாகவே கண்டேன். மேசை விளக்கடியில் கச்சிதமாகத் தெரிந்த டாங்கியைப் படமெடுக்க வெயிலுக்குக் கொண்டுபோனேன். வாஷ் கோடுகள் பேனாவால் இழுத்தவை போலத் துருத்திக்கொண்டு நின்றன. நான் வரைந்த நிழலுக்குப் பக்கத்திலேயே நிஜ நிழலும் விழுந்து ஒவ்வொரு மூடிக்கும் இரட்டை விளிம்பு. திரும்ப உள்ளே கொண்டுவந்து விளக்கடியில் வைத்ததும் சரியாகிவிட்டது.