சலுகை அல்ல, தக்க ஏற்பாடு

தனியார் பள்ளிகளின் சேர்க்கைக் கையேடுகளைத் தமிழாக்குபவர்களிடம் 'அக்காமடேஷன்' (accommodation, பிள்ளையின் தேவைக்கேற்பப் பள்ளி செய்யும் ஏற்பாடு) என்ற ஆங்கிலச் சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிய பத்தியில் "தங்கும் வசதி வழங்கப்படும்" என்று போட்டிருக்கிறார்கள், விடுதியே இல்லாத பள்ளிக்கு! இயந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை, சிரித்துவிட்டுப் போகலாம். மனிதர்கள் யோசித்துப் போடும் 'சலுகை'யைத்தான் பொறுக்க முடியவில்லை.

மூலம் லத்தீன். 'கொம்மோதுஸ்' என்றால் பொருத்தமான, தக்க. தக்கதாக்குவது அதன் வினை. தங்கும் அறை என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 'நியாயமான' என்ற அடையோடு இதைச் சட்டச் சொல்லாக வரையறுக்கிறது.

வகுப்பறையில் இதன் பொருள் தெளிவானது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள மாணவிக்கு வினாத்தாளை ஒருவர் வாசித்துக் காட்டுகிறார், கூடுதல் நேரமும் உண்டு. கேள்வி அதேதான், மதிப்பெண் போடும் முறையும் அதேதான். பாடத்தையே குறைத்தால் அது 'மாடிஃபிகேஷன்', பாட மாற்றம். இரண்டையும் ஒரே 'சலுகை'க்குள் அடைத்தால் பெற்றோருக்கு எது கிடைக்கிறதென்று எப்படித் தெரியும்?

சலுகை என்பது கொடுப்பவர் மனம்வைத்துக் காட்டுவது. மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். கட்டணம் வாங்கும் பள்ளி 'சலுகை உண்டு' என்றால் கட்டணத்தில் குறைப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது இல்லையென்று தெரிந்த பிறகும் வம்பு தீராது. "அந்தப் பெண்ணுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று மற்ற பெற்றோர் கேட்பார்கள். கேட்கவைப்பது அந்தச் சொல்தான். நிர்வாகமும் "இந்த வருஷம் சலுகை தர இயலாது" என்று கூசாமல் எழுதுகிறது. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்கிறது அந்த உடன்படிக்கை. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் அதையே சொல்கிறது. கல்வி பற்றிய அதன் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. மறுத்தால் பாகுபாடாகிவிடும் ஒன்றுக்குச் சலுகை என்று பெயர் வைப்பது என்ன தமிழோ!

தனித்தமிழ் அன்பர்கள் 'தகவமைப்பு' என்பார்கள். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரியல் பாடம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது: ஒட்டகம் பாலைக்கு ஏற்பத் தகவமைந்தது என்று படித்தவர்கள் நாம். அங்கே மாறுவது உயிர். சூழல் அப்படியே இருக்கிறது. இங்கே மாறவேண்டியது பள்ளி. 'மாணவருக்கான தகவமைப்பு' என்றால் பிள்ளைதான் வளைந்துகொள்ள வேண்டும்போல ஒலிக்கிறது. திசையே தலைகீழ்.

என் பரிந்துரை 'தக்க ஏற்பாடு'. லத்தீன் வேரின் 'தக்க' அப்படியே வந்துவிடுகிறது. சட்டத் தொடருக்கு 'நியாயமான' என்று முன்னால் சேர்த்தால் போதும். 'இது கலைச்சொல் மாதிரியே இல்லையே' என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு முறை மூச்சு வாங்கினால்தான் கலைச்சொல் என்று நம்புகிறவர்களை என்ன செய்வது? பிள்ளையின் அம்மா ஒரு தடவை படித்ததும் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: தயவுசெய்து 'தக்க ஏற்பாடுகள் வழங்கப்படும்' என்று எழுதிவிடாதீர்கள். எதையெடுத்தாலும் 'வழங்கப்படும்' என்பது மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த நோய். ஏற்பாட்டைத் தமிழில் செய்வார்கள். 'பள்ளி செய்யும்' என்றே எழுதுங்கள்.