போர் வந்தால் எரிபொருளும் கட்சி மாறும்

செய்தி மேசையில் எரிசக்திச் செய்திகளைத் திருத்துவது என் வேலை. போர்க்காலத்தில் அந்தச் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2022 ஐரோப்பாவைத்தான் காட்டுவேன்.

அதுவரை பல ஐரோப்பிய ஏடுகளில் இயற்கை எரிவாயு, நிலக்கரியை விட்டு வெளியேற உதவும் பாலம். பிப்ரவரி 24இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்ததும் அதுவே புடினின் ஆயுதம் ஆனது. மூன்றே நாளில் ஜெர்மன் நிதியமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குச் 'சுதந்திர ஆற்றல்' என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், 2019லேயே அமெரிக்க எரிசக்தித் துறை தன் நாட்டின் ஏற்றுமதி எரிவாயுவைச் 'சுதந்திர வாயு' என்று விளம்பரப்படுத்தியிருந்தது!

இதெல்லாம் வெறும் கூச்சல் அல்ல. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவீதம் ரஷ்யாவுடையது. ஆனால் 'யாருடையது?' என்ற கேள்வியே பக்கத்தை அடைத்துக்கொண்டால், 'எதற்குப் பயன்படுகிறது?' என்ற கேள்விக்கு இடம் கிடைக்காது.

ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகளை மூடுவதா வேண்டாமா என்று அந்த ஆண்டு முழுக்க விவாதம். அவை தந்தது நாட்டின் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம். எரிவாயுத் தட்டுப்பாட்டின் அடி விழுந்ததோ வீட்டுச் சூடேற்றத்திலும் தொழிற்சாலைகளிலும். அங்கே ஏறக்குறைய பாதி வீடுகள் எரிவாயுவால்தான் சூடாகின்றன. அணுமின்சாரம் அந்த வீடுகளின் எரிவாயு பாய்லரை எரிக்காது. 'அணுசக்தி இருந்தால் கவலையில்லை' என்று எழுதியவர்களும் பக்கத்து நாட்டைப் பார்க்கவில்லை. பிரான்சின் 56 உலைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோடையில் ஓடவில்லை. குழாய் அரிப்பும் பராமரிப்பும் காரணம், ரஷ்யா அல்ல.

விலைச் செய்தியில் இன்னும் கவனம் வேண்டும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் 'எரிவாயு 300 யூரோவைத் தாண்டியது' என்று தலைப்புகள் அலறின. அது நெதர்லாந்துச் சந்தையில் அடுத்த மாத விநியோகத்துக்கான ஒப்பந்த விலை, ஒரு மெகாவாட்-மணி (ஆற்றலை அளக்கும் அலகு) எரிவாயுவுக்கு. வீட்டு பில்லில் வருவது அதுவல்ல. பலருடைய கட்டணம் முன்பே போட்ட ஒப்பந்தப்படி, மாதக்கணக்கில் பிந்தித்தான் ஏறும். ஆண்டு முடிவதற்குள் அந்தச் சந்தை விலை 100 யூரோவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. 'விலை சரிந்தது' என்ற தலைப்பைப் படித்துவிட்டுத் தன் பில்லைப் பார்த்தவர், பத்திரிகை பொய் சொல்கிறது என்றுதானே நினைப்பார்?

எந்தச் சந்தை, எந்த மாதத்துக்கான விலை என்று எழுதாத விலைச் செய்தியை என் மேசையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவேன்.