மசோதா: கறுப்பாக்கிய தாள்

காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டுச் சில மாதங்கள் கழிந்திருந்தன. அஞ்செட்டியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த மசோதா எப்பங்க சார் சட்டமாவுது?" விடை சொல்வதற்கு முன் கேள்வியில் இருந்த ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது. ஏனென்றால் அப்படி ஒரு மசோதாவே இல்லை. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமானது ஓர் அறிவிக்கையினால். அந்த அறிவிக்கைக்கு அதிகாரம் தந்தது 1972ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் இயற்றிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சட்டமன்றத்தில் யாரும் எதையும் முன்வைக்கவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. பெரியவர் எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் ஏற்கெனவே வந்து போயிருந்தது.

காடு, ஆறு, கல், மாடு ஆகியவை பற்றி அரசு எதை எழுதி வெளியிட்டாலும் நம் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். அறிவிக்கை, அரசாணை, விதி, அவசரச் சட்டம், திருத்தச் சட்டம், ஆட்சியரின் தடையாணை எல்லாமே மசோதா. ஆகவே இந்தச் சொல்லின் பொருளையும், அது வந்த வழியையும், அதற்குரிய தமிழையும் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது.

பொருள் எளிது. சட்டமாக வேண்டும் என்ற நோக்கத்துடன் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ முன்வைக்கப்பட்டு, இன்னும் சட்டமாகாமல் இருக்கும் எழுத்து வடிவமே மசோதா. "இன்னும் சட்டமாகாமல்" என்பதுதான் இதில் உயிரான பகுதி. புழக்கத்தில் முதலில் தொலைந்து போவதும் அதுவே.

சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. அரபியில் 'அஸ்வத்' என்றால் கறுப்பு. மக்காவில் உள்ள ஹஜருல் அஸ்வத் என்னும் கருங்கல்லின் பெயரில் நாம் அறிந்திருப்பதும் இதே சொல்தான். அந்த வேரிலிருந்து பிறந்த 'முசவ்வதா' என்பதற்குக் கறுப்பாக்கப்பட்டது என்று பொருள். முதற்படியாக எழுதும் தாளில் அடித்தலும் திருத்தலும் இடைச்செருகலும் மிகுந்து மை அப்பிக் கிடக்குமல்லவா, அந்தத் தாளுக்கு எழுத்தர்கள் வைத்த பெயர் அது. பிழை நீக்கிப் புதுத் தாளில் பெயர்த்தெழுதிய படிக்கு 'முபய்யதா' என்று பெயர். வெண்மையாக்கப்பட்டது என்பது அதன் பொருள். இந்த இணையில் வெள்ளைப் படியின் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. கறுப்புப் படியின் பெயர் மட்டும் பாரசீகம் வழியாகவும் இந்துஸ்தானி வழியாகவும் பயணம் செய்து, தமிழ்ச் செய்தித்தாளின் தலைப்பு வரை வந்துவிட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பயணத்தின் தடம் காதிலேயே கேட்கும். ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசப்படுகின்றன. கன்னடத்தில் இதே சொல் 'மசூதெ' என்ற வடிவில், சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரைவையே குறிக்கிறது. தெலுங்கில் 'முசாயிதா' என்றால் எந்த ஆவணத்துக்கும் உரிய முதல் வரைவு. உருது, இந்தி, மராத்தி ஆகிய மொழிகளிலும் இது பெரும்பாலும் வரைவு என்ற பொதுப் பொருளிலேயே வழங்குகிறது. கன்னடத்தைப் போலவே தமிழிலும் பொது வரைவு என்ற பொருள் உதிர்ந்து, சட்டம் சார்ந்த பொருள் மட்டும் தங்கியது. ஒரு கடிதத்தின் முதற்படியையோ கல்யாணப் பத்திரிகையின் கையெழுத்துப் படியையோ நாம் மசோதா என்று சொல்வதில்லை.

தாசில்தார், தாலுகா, பிர்கா, பசலி, ஜமாபந்தி, வசூல், ரசீது என்று நம் வருவாய்த் துறை முழுவதும் இந்த வழியில் வந்த சொற்களால் நிறைந்திருக்கிறது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி முன்பு பாராமகால் என்று அழைக்கப்பட்டது. பன்னிரண்டு மகால்கள், அதாவது வருவாய்ப் பகுதிகள், என்று பொருள்படும் அந்தப் பெயரும் அதே அலுவலக மொழியைச் சேர்ந்ததே. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் இந்த நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கணக்குகளோடு கணக்குச் சொற்களும் கைமாறின. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் இருந்த தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையை இங்கே தொடங்கிவைத்தபோது, அந்த முறையின் பெயரே இவ்வகைச் சொல்லாகத்தான் இருந்தது.

மசோதாவுடன் ஒட்டிப் பிறந்ததுபோல் வரும் 'தாக்கல்' என்பதும் தமிழ் அன்று. உட்புகுந்தது, உள்ளே சேர்க்கப்பட்டது என்று பொருள்படும் 'தாகில்' என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. 'மசோதா தாக்கல்' என்ற செய்தியைப் படித்துவிட்டு, யார் யாரைத் தாக்கினார்கள் என்று என் தங்கை மகன் ஒருமுறை கேட்டான். தாக்குதல் என்ற தமிழ் வினை பக்கத்திலேயே இருக்கும்போது பிள்ளைகள் மேல் குற்றமில்லை. இன்னொரு தொடர் இதைவிட வேடிக்கையானது. அரசு மக்களின் கருத்தறிய வெளியிடும் முதற்படியைச் செய்தித்தாள்கள் 'வரைவு மசோதா' என்று எழுதுகின்றன. வரைவும் மசோதாவும் ஒரே பொருளுடையவை என்பதால், வேர் அறிந்தவர் காதில் அது 'வரைவு வரைவு' என்றே விழும்.

ஆங்கிலத்தின் 'பில்' வேறு பாதையில் வந்தது. முத்திரை என்று பொருள்படும் 'புல்லா' என்ற இலத்தீன் சொல் அதன் மூலம். தமிழில் பில் என்றால் மளிகைக் கடையில் தரும் துண்டுச் சீட்டும் மின்கட்டண விவரமும்தான் நினைவுக்கு வரும் என்பதால், சட்டத் துறையில் அது நிலைக்கவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் தமிழ்நாடு அரசிதழிலும் வழங்கும் சொல் 'சட்டமுன்வடிவு'. புதிதாக யாரும் ஆக்கித் தர வேண்டியதில்லை. பல்லாண்டுகளாக அரசின் கையில் இருக்கும் சொல்தான், செய்தித் தலைப்புகளுக்குள் மட்டும் நுழையவில்லை. மசோதா மூன்றெழுத்து, இது எட்டெழுத்து. தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் சொல்வது புரிகிறது. இருந்தாலும் இந்தச் சொல்லில் உள்ள ஒரு நேர்மை எனக்குப் பிடித்தமானது. சட்டம் என்பது தச்சர்களின் சொல்லும்கூட: கதவுக்குச் சட்டம், படத்துக்குச் சட்டம். எழுதுவதற்காக வாரிய ஓலையையும் சட்டம் என்றார்கள். காவேரிப்பட்டினத்தில் ஒரு மரப்பட்டறையில் சன்னல் செய்யக் கொடுத்திருந்தபோது பார்த்தேன்: அறுத்த மரத்தைத் தரையில் நாற்புறமும் கிடத்தி, கூடும் முனைகளில் பென்சிலால் கோடிட்டு, முளையடிக்காமல் வைத்திருந்தார்கள். பார்வைக்குச் சன்னல்தான். ஒரு பக்கத்தைக் காலால் தள்ளினால் கலைந்துவிடும். முன்வடிவு என்ற சொல் அந்த நிலையைச் சரியாகப் பிடிக்கிறது. வடிவு வந்துவிட்டது, ஆனால் அது முன்னைய வடிவு.

'சட்ட வரைவு' என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. வரைவு என்றாலே திருமணம் என்று பொருள்கொள்ளும் அகப்பாடல் மரபு ஒன்று நமக்கு உண்டு. அதை இங்கே நினைத்துக்கொள்வது சுவைக்காக மட்டுமே. இரு சொற்களையும் பிரித்து ஆள்வது நல்லது என்பது என் கருத்து. துறை எழுதி, மக்களின் கருத்துக்காக வெளியிட்டு, இன்னும் அவைக்கு வராத நிலையில் அது சட்ட வரைவு. அமைச்சர் எழுந்து பேரவையில் அறிமுகம் செய்த கணத்திலிருந்து அது சட்டமுன்வடிவு. அதற்கு எண்ணும் ஆண்டும் உண்டு. ஏன் இது தேவை என்று அரசு சொல்லும் நோக்கக் காரண விளக்கவுரையும் இணைந்திருக்கும். அவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு நிறைவேற்றிய பிறகும் அது சட்டமுன்வடிவுதான். இந்த இடத்தில்தான் 'மசோதா நிறைவேறியது' என்ற தலைப்பு பலரை ஏமாற்றுகிறது. 1986இல் மேலவை ஒழிக்கப்பட்டுவிட்டதால் தமிழ்நாட்டில் இரண்டாவது அவை என்ற கட்டம் இல்லை; ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 200ஆம் உறுப்பின்படி ஆளுநரிடம் போக வேண்டும், அவர் ஒதுக்கிவைத்தால் 201ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரிடமும் போக வேண்டும். ஒப்புதல் கிடைத்த பின்னரே அதன் பெயரிலிருந்து 'முன்வடிவு' உதிரும்.

குடியரசுத் தலைவர் வரை போக வேண்டிய தேவை இயற்கை வளம் பற்றிய முன்வடிவுகளில் அடிக்கடி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. நிலம், தண்ணீர், மீன்வளம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. காடும் வனவிலங்கும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு நகர்த்தப்பட்டன. பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அந்த மாநிலத்தில் நிற்கும்.

இதற்கு நம் மாவட்டமே அறிந்த சான்று ஒன்று உண்டு. எருது விடும் விழாவுக்காகத் தை மாதத்தில் தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டும் ஊர்கள் கிருஷ்ணகிரியில் ஏராளம். 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மாநிலமே கொந்தளித்தபோது முதலில் வந்தது 21ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம். அது மசோதா அன்று, பேரவை கூடாத வேளையில் ஆளுநர் பிறப்பிப்பது. 23ஆம் தேதி மாலை பேரவையில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தச் சட்டமுன்வடிவு அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. பின்னர் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அதன் பிறகுதான் சட்டம். அந்தத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குத் தந்த வரையறைக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு 'எருது விடும் விழா' என்பதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. வரையறையில் அந்த மூன்று சொற்கள் விடுபட்டிருந்தால் நம் ஊர்க்காரர்கள் மதுரைக்காரர்களின் விளையாட்டுக்குக் கிடைத்த அனுமதியைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்திருக்கும். சட்டம் வந்ததோடும் முடியவில்லை. அதன் கீழ் விதிகள் வந்தன. விதிகளின்படி ஆட்சியரின் அனுமதி வேண்டும். விழாக் குழுவினர் இன்றும் அலைவது அந்தக் கடைசிப் படிக்காகத்தான். 'மசோதா வந்தாச்சே, இன்னும் என்ன அனுமதி?' என்று அவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சலிப்பு நியாயமானது, சொல்தான் தவறு.

ஒப்புதல் பெற்றும் உயிர் பெறாத சட்டமும் உண்டு. தமிழ்நாடு நிலத்தடி நீர் வளர்ச்சி மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலேயே 2013இல் நீக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு மிகுந்து பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும் தருமபுரியில், அந்தப் பத்தாண்டுகளில் 'நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது' என்று மேடையில் யாராவது சொல்லியிருந்தால் அது பொய்யாகாது, பயனும் இல்லை. சட்டத்தின் முதற்பிரிவில், அது நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்கும் என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் தாண்டிப் போகும் வரி அது.

கருங்கல் குவாரிகளும் கிரானைட் பட்டறைகளும் நிறைந்த கிருஷ்ணகிரிக்கு அண்மைச் சான்று, கனிம வளமுள்ள நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டம். கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 சூலையில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திசம்பரில் பேரவையில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2025 ஏப்ரலில். திசம்பரிலேயே வரி வந்துவிட்டது என்று கிரஷர் கூடங்களில் பேசிக்கொண்டவர்களும், ஏப்ரலில் திடீரென்று வரி போட்டுவிட்டார்கள் என்று பேசியவர்களும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை என்ற செய்தியும் ஆண்டுதோறும் வரும். கர்நாடக அணைகளிலிருந்து திறந்துவிடும் நீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைக் கடந்து பெருகி வரும்போது அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். நீர் வடிந்தால் விலக்கிக்கொள்ளும். இது ஆணை. இதைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் மசோதாவைத் திரும்பப் பெறச் சொல்வதில் பொருளில்லை.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. 'சட்டமுன்வடிவு' என்பதைச் சேர்த்தே எழுதுவது பேரவை வழக்கம். 'சட்ட முன்வடிவு' என்று பிரித்தாலும் பிழையில்லை. 'சட்ட மசோதா' என்பதைத் தவிர்க்கலாம், ஏனெனில் மசோதாவுக்குள்ளேயே சட்டம் இருக்கிறது. 'தாக்கல் செய்தார்' என்பதற்கு 'அறிமுகம் செய்தார்' போதும். திருத்தச் சட்டமாக இருந்தால் 'திருத்தச் சட்டமுன்வடிவு' என்று இடையில் ஒற்று மிகும். உருபு ஏற்கும்போது சட்டமுன்வடிவை, சட்டமுன்வடிவின், சட்டமுன்வடிவுக்கு என்று வரும். அஞ்செட்டிப் பெரியவர் கேட்ட கேள்வியில் மட்டும் இதைப் போட வேண்டியதில்லை. அங்கே வர வேண்டிய சொல் 'அறிவிக்கை'.