வலி இல்லை என்பதற்காகக் களத்தில் இறங்காதீர்கள்

பொங்கல் கபடிப் போட்டிகள் முடிந்த அடுத்த வாரம் எங்கள் பிசியோதெரபி அறைக்கு எப்படிப்பட்ட கால்கள் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். இந்த வருடமும் வந்தன. அதில் ஒருவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பையன், வயது 19, நல்ல ரைடர். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைக்கும் ஏசிஎல் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்து ஐந்தாவது மாதம். "வலியே இல்ல சார், நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தேன்" என்றார். ரைடு போய்த் திரும்பும்போது ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புதிதாக வைத்த ஜவ்வு அறுந்திருக்கிறது, கூடவே எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. முதல் ஆபரேஷனுக்கே அவருடைய அப்பா கடன் வாங்கியவர். இதே கதையை ஒவ்வொரு சீசனிலும் கேட்டுக் கேட்டு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"வலி இல்லை, அப்போ சரியாயிடுச்சு." கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் முழங்கால்களைத் திரும்பக் கெடுப்பது இந்த ஒரு நம்பிக்கைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பது தோல் வெட்டிய இடமும், எலும்பில் துளை போட்ட இடமும், மூட்டின் வீக்கமும். இவை சில வாரங்களில் அடங்கிவிடும். வலி போய்விட்டது என்றால் இந்தப் புண்கள் ஆறின என்று அர்த்தம், அவ்வளவுதான். ஜவ்வைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

உங்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, கணுக்கால் பக்கமிருந்தோ எடுத்த தசைநாரைத்தான் மருத்துவர் உள்ளே வைத்திருக்கிறார். எடுத்த நிமிடமே அதற்கு ரத்த ஓட்டம் போய்விடுகிறது. பிறகு உடம்பு அதிலிருக்கும் பழைய செல்களை அகற்றி, புது ரத்தக் குழாய்களை உள்ளே அனுப்பி, அதை மெதுவாக ஜவ்வாக மாற்றுகிறது. இந்த வேலை நடக்கும்போது அது ஆபரேஷன் நாளில் இருந்ததைவிடவும் பலவீனமாக இருக்கும். நட்ட நாற்று முதலில் பழுத்து வாடி, வேர் பிடித்த பிறகுதானே பச்சை கட்டுகிறது? அதே மாதிரிதான் இதுவும். ஆறாவது வாரம் முதல் மூன்றாவது மாதம் வரை ரொம்ப ஆபத்தான காலம். நீங்கள் வாக்கரை வீசிவிட்டு, வண்டி ஓட்ட ஆரம்பித்து, "நல்லாயிட்டேன்" என்று சொல்லத் தொடங்குவதும் அதே காலத்தில்தான். முழுதாக முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறேன்: "ஸ்குரூ வெச்சிருக்காங்க சார், இனிமே அறுந்து போகாது." ஸ்குரூவும் பட்டனும் ஜவ்வின் இரண்டு முனைகளையும் எலும்போடு பிடித்து வைப்பவை. நடுவில் இழுபடுவது ஜவ்வு. அதற்கு எந்த இரும்பும் காவல் இல்லை.

ரிஷப் பந்த் 2022 டிசம்பரில் விபத்தில் சிக்கினார், 2023 ஜனவரியில் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் ஆனது. திரும்ப மட்டையெடுத்துப் போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில். கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் ஏசிஎல் அறுந்தது, திரும்ப ஆடியது 2024 அக்டோபரில். உலகத்தில் கிடைக்கும் எல்லா வசதியும் உள்ளவர்கள் ஒரு வருடமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும்போது, ஊர்த் திருவிழாக் கோப்பைக்காக நாம் ஐந்தாம் மாதம் இறங்க வேண்டுமா?

2016இல் வெளியான ஓர் ஆய்வை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்போம். ஆபரேஷனுக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தசை வலிமை, குதித்தல் ஆகிய சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் 100க்கு 6 பேருக்கும் குறைவாகத்தான் மறுபடி அடிபட்டது. தேறாமலே ஆடப் போனவர்களில் 100க்கு 38 பேருக்கு அடிபட்டது. ஆக, ஒன்பது மாதமும் வேண்டும், சோதனையும் வேண்டும். காலண்டரைப் பார்த்துவிட்டு மட்டும் கிளம்பக் கூடாது.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதல் சில வாரங்களில் எனக்கு வேண்டியது மூன்றுதான்: கால் முழுசாக நீட்ட வேண்டும், வீக்கம் இறங்க வேண்டும், தொடையின் முன்தசை விழித்துக்கொள்ள வேண்டும். அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் அதை நீட்டுவதற்குள் பெரும்பாடு. தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் வீங்கியிருக்கும்வரை முன்தசை தானாக அடங்கிக் கிடக்கும், எவ்வளவு மன உறுதி இருந்தாலும் முறுக்கேறாது. அதனால் ஐஸும் ஓய்வும் பயிற்சியில் சேர்ந்தவைதான். எண்ணெய் போட்டு நீவுவது வேண்டவே வேண்டாம். முக்கியமாகக் கெண்டைக்காலில். அங்கே வலியும் வீக்கமும் புதிதாக வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் வலிமைப் பயிற்சி. இங்கேதான் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். ஆறு வாரம் வருவார்கள், நடக்க முடிந்ததும் நின்றுவிடுவார்கள். ஜிம்மில் பண்ணிக்கொள்கிறேன் என்பார்கள். ஜிம்மில் என்ன நடக்கிறது? இரண்டு காலையும் வைத்து ஸ்குவாட், இரண்டு காலையும் வைத்து லெக் பிரஸ். பாரத்தில் பெரும்பங்கை நல்ல கால் வாங்கிக்கொள்ளும், ஆபரேஷன் ஆன கால் சும்மா கூடவே போகும். எடை ஏறுகிறது என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஒற்றைக் காலில் செய்யுங்கள், தம்பி. ஒற்றைக் காலில் படியேறி இறங்குவது, ஒற்றைக் காலில் லெக் பிரஸ், ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுவது. லெக் எக்ஸ்டென்ஷன் கருவியை எப்போது, எந்தக் கோணத்தில் தொடங்குவது என்பதை உங்கள் பிசியோவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆட்டுக்கால் சூப் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது ஜவ்வை வளர்க்காது. தசை வளர முட்டை, மீன், சுண்டல், பருப்பு தினமும் வேண்டும்.

மெதுவோட்டம் பொதுவாக மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. அதுவும் கால் முழுசாக நீண்டு, வீக்கம் இல்லாமல், ஒற்றைக் காலில் கீழே இறங்கி எழும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் இருந்தால்தான். "மணல்ல ஓடினா கால் கெட்டியாகும்" என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் மாஸ்டர்களே, தயவுசெய்து இந்தப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். கரை சரிவாக இருக்கிறது, கால் புதைந்து திரும்புகிறது. முதல் ஓட்டம் சமதரையில் இருக்கட்டும். மணல் பிறகு வரலாம்.

அதற்குப் பிறகுதான் குதிப்பது, இறங்குவது, திரும்புவது. கபடிக்காரருக்கு ஊன்றித் திரும்புவதும், பிடியில் இழுபடும்போது தாங்குவதும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாலிபால் ஆடுபவருக்கு இறங்குவது. கால்பந்துக்கு ஓட்டத்தில் சட்டென்று நின்று திசை மாறுவது. கிராமத்து மைதானத்திலும் சோதிக்கலாம், ஒரு அளவு நாடா போதும். நல்ல காலில் ஒற்றைக் காலாக எவ்வளவு தூரம் தாண்டுகிறீர்களோ, அதில் 90 விழுக்காடாவது இந்தக் காலிலும் வர வேண்டும். தனியாக ஒரு தாண்டல், தொடர்ந்து மூன்று தாண்டல், கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாண்டல். தொடை வலிமையும் அதே அளவு வேண்டும். ஆனால் பல மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் கணக்குப் பார்ப்போம். தூரம் வந்தாலும் இறங்கும்போது முழங்கால் தடுமாறினால் தேறவில்லை என்றே எழுதுவேன். கோபப்படாதீர்கள். மனசில் பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பயத்தோடு ஆடுகிறவர் காலைத் தப்பாக வைப்பார்.

முதலமைச்சர் கோப்பை, மாவட்டத் தேர்வு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று உங்களுக்கு இருக்கும் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒரு சீசன் போவது பெரிய இழப்புதான். இரண்டாவது ஆபரேஷன் வந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போகும், மெனிஸ்கஸும் போயிருந்தால் சின்ன வயதிலேயே மூட்டுத் தேய்மானம் தொடங்கும். பயிற்சியாளர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: ஆபரேஷன் ஆன பையன் வந்து நின்றால் சோதனைத் தாளைக் கேளுங்கள். இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

பிசியோவிடம் முதல்முறை வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஜவ்வை எங்கிருந்து எடுத்தார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்களா என்பது அதில் இருக்கும். தைத்திருந்தால் எவ்வளவு மடக்கலாம், எப்போது முழு எடை ஊன்றலாம் என்பதெல்லாம் மாறும். அதைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சியை உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது.