உஸ்தெத் என்றால் 'தாங்கள்' அல்ல

கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் நடக்கும் ஒரு தொடரைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து தலையை நீட்டி அண்ணன் தம்பியிடம் கேட்கிறான்: "தாங்கள் என் துண்டைப் பார்த்தீர்களா?" தம்பி என்ன, மடாதிபதியா? ஸ்பானிய மொழியில் எதிரிலிருப்பவரை மரியாதையாக விளிக்கும் 'உஸ்தெத்' வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'தாங்கள்' போடுகிறார்கள்.

'புவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'உங்கள் அருள்' என்ற மரியாதை விளி தேய்ந்து உஸ்தெத் ஆனது. அரபு 'உஸ்தாத்'தான் மூலம் என்பாரும் உண்டு. ஒலி ஒற்றுமை, அவ்வளவே. ஆளை விட்டு அவர் அருளிடம் பேசியதால்தான் வினை படர்க்கையில் நிற்கிறது. 'தூ ஆப்லாஸ்' என்றால் நீ பேசுகிறாய். 'உஸ்தெத் ஆப்லா' என்பதிலோ 'அவர் பேசுகிறார்' என்பதற்குரிய வினையே வருகிறது. கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மருமகனின் முகத்துக்கு நேராகவே "மாப்பிள்ளை காப்பி சாப்பிடுகிறாரா?" என்று கேட்கும் மாமியாரை நினைத்துக்கொண்டால் போதும்.

'தாங்கள்' கட்சியினர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள்: தாங்களும் படர்க்கையிலிருந்து வந்த மரியாதைச் சொல்தானே? உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்பு என்ன, பூர்வீகச் சொத்துத் தகராறா, மூலப் பத்திரம் காட்ட? 'தாங்கள்' இன்று விண்ணப்பத்திலும் அழைப்பிதழிலும்தான் உயிரோடு இருக்கிறது. உஸ்தெத் மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் புழங்குகிறது. அந்நியரிடமும் மூத்தவரிடமும் வரும்போது 'நீங்கள்' கச்சிதமாகப் பொருந்தும். போகோட்டாவிலோ உடன்பிறந்தவர்கள், நண்பர்கள், ஏன், கணவன் மனைவிகூட உஸ்தெத் சொல்லிக்கொள்வதுண்டு. அங்கே 'நீ' என்று எழுதக் கை நடுங்க வேண்டியதில்லை. பன்மையான 'உஸ்தெதெஸ்' படும் பாடு இன்னும் மோசம். லத்தீன் அமெரிக்கத் தாய் தன் பிள்ளைகளைச் சேர்த்து விளிப்பதும் இந்தச் சொல்லால்தான். "தாங்கள் பல் துலக்கினீர்களா?" என்று எந்தத் தாய் கேட்பாள்?

மறுபக்கப் பிழையும் உண்டு. ஸ்பெயினில் முன்பின் தெரியாத வாடிக்கையாளரைக் கடைக்காரர் 'தூ' என்பது இன்று சாதாரணம். அதை 'நீ' என்று பெயர்த்தால் தமிழில் கைகலப்பு. யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்காமல் அகராதியைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோஸ்டா ரிக்காவில் வீட்டு நாயையே உஸ்தெத் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காட்சி நம்மவர் கையில் சிக்கினால், "தாங்கள் குரைக்காதீர்கள்" என்றுதான் வரும்.