ஓர் அங்குல ரெஜிபோம்

களுவாஞ்சிகுடியிலிருந்து சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறார்: "அவுஸ்திரேலியாவில் சைக்கிளுக்கும் ஹெல்மட் போடாவிட்டால் தண்டமாம், மாமா சொல்கிறார். இங்கே அப்பா மோட்டார் சைக்கிளிலேயே பொலிஸைக் கண்டால்தான் போடுவார். உள்ளே இருப்பது வெறும் ரெஜிபோம்தானே, அது என்னத்தைக் காப்பாற்றும்?"

மாமா சொன்னது சரி. 1990 ஜூலையில் விக்டோரியா மாநிலம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உலகத்திலேயே அதுதான் முதலாவது. அமெரிக்காவில் கதை தலைகீழ். 1966இல் மத்திய அரசு வீதி நிதியைக் காட்டி, மோட்டார் சைக்கிள் ஹெல்மட் சட்டம் போடும்படி மாநிலங்களை நெருக்கியது. 1976இல் பிடி தளர்ந்ததும் பல மாநிலங்கள் பின்வாங்கிவிட்டன.

சரி, ரெஜிபோமுக்கு, அதாவது மீன்பெட்டி செய்யும் அந்த வெள்ளை நுரைப் பொருளுக்கு வருவோம்.

சைக்கிளில் இருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். மோட்டார் சைக்கிளிலும் கிட்டத்தட்ட அதேதான். கல்லடியில் மணல் படிந்த திருப்பத்தில் சறுக்கினால், தலை தார் வீதியை நோக்கி இறங்கும் வேகத்தைப் பெரும்பாலும் அந்த உயரமே தீர்மானிக்கும். என்ஜின் இருக்கிறதா, பெடலா என்று புவியீர்ப்பு பார்ப்பதில்லை. (நேரே போய் மதிலில் மோதினால் அது வேறு கணக்கு.) பள்ளிக்கூடச் சமன்பாட்டில் போட்டால் செக்கனுக்கு 5.4 மீற்றர் வரும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த குறுக்குவழி. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுங்கள்; அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று வந்துவிடும். வெறுந்தலை 5 மில்லிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்தால் 300 மடங்கு. ஹெல்மட்டுக்குள் இருக்கும் ரெஜிபோம் நசுங்கி, அதையே 25 மில்லிமீற்றருக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு இழுத்தால் 60. நிஜத்தில் இவ்வளவு சீராக நிற்காதுதான். ஐரோப்பிய சைக்கிள் ஹெல்மட் தரத்தில் இதே வேகத்துக்கு விட்டிருக்கும் எல்லை 250 மடங்கு.

அப்படியென்றால் தலையணையைக் கட்டிக்கொண்டால் போதாதா? மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு மெல்லிய 'நறுக்' சத்தத்தோடு உள்ளே போகும். விரலை எடுத்தாலும் குழி குழியாகவே இருக்கும். ஸ்பொஞ்சில் அப்படி இல்லை. அது அழுத்த அழுத்த இறுகி, விட்டதும் வாங்கிய சக்தியைத் திருப்பித் தந்து தலையை எத்திவிடும். ரெஜிபோம் திருப்பித் தராது. அந்தப் பெட்டியில் ஏறத்தாழ 98 வீதம் காற்று. மீதி, காற்றைச் சுற்றிய கண்ணறைகளின் மெல்லிய சுவர்கள். அடி விழும்போது சுவர்கள் ஒவ்வொன்றாக மடிந்து உடைகின்றன. உடைந்துகொண்டு போகும்வரை எதிர்ப்பு விசை பெரிதாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தலைக்கு வேண்டியதும் அதுதான்: அதே மிதமான விசை, முழு அங்குலத்துக்கும். மீன்பெட்டி ரெஜிபோம் இதற்கு மென்மை, சட்டென்று தட்டையாகிவிடும். ஹெல்மட்டுக்குள் இருப்பது அதைவிட அடர்த்தியானது.

நசுங்கினது நசுங்கினதுதான். வெளி ஓடு பளபளவென்று இருந்தாலும், பலமாக ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மட்டின் வேலை முடிந்தது. இன்னொன்று, ரெஜிபோமில் பெற்றோல் ஊற்றினால் கரைவதைச் சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்திருப்போம். ஆனாலும் பெற்றோல் அடிக்கும்போது ஹெல்மட்டைத் தாங்கியின் மேலேயே கவிழ்த்து வைக்கிறோம். புது வண்டிக்குச் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து நசுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நசுங்க வேண்டிய பொருள் தலைக்கும் வீதிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சைக்கிளுக்குச் சட்டம் வேண்டுமா? எனக்குத் தயக்கம். விக்டோரியாவில் சட்டத்தால் சைக்கிள் ஓட்டுவதே குறைந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இங்கே சைக்கிள் கூலி வேலைக்குப் போகிறவரின் கால். தண்டம் எழுதுவதற்கு முன், நல்ல ஹெல்மட் மலிவாகக் கிடைக்கட்டும்.

நேற்றுக் காலை கல்லடியில் ஒரு மீன்காரரைப் பார்த்தேன். பெட்டியைப் பழைய ரியூப் வாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். தலையில் ஹெல்மட்டும் இருந்தது; நாடிவார் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.